பேட் ரிலிஜனின் இரண்டாவது ஆல்பம்: கீபோர்டைக் கேட்டதும் ஏன் அவ்வளவு கோபம்?

தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பங்க் (எளிமையான, வேகமான, கோபமான ராக் இசை) இசைக்குழு நடத்துகிறார்கள். காவேரிப்பட்டணம் போகும் ரோட்டில் ஒரு குடோனில் பயிற்சி. அமெரிக்க பங்க் குழுவான பேட் ரிலிஜனின் முதல் ஆல்பம் என்றால் நான்கு பேருக்கும் உயிர். இரண்டாவது ஆல்பமான ‘இன்டு தி அன்நோன்’ கேட்ட அன்று குடோனில் பெரிய சண்டையாகிவிட்டது. டிரம்மர் அதைத் துரோகம் என்கிறார். பாடுகிறவருக்கு அது முதல் ஆல்பத்தைவிடப் பிடித்திருக்கிறது. மற்ற இருவரும் நடுவில் நிற்கிறார்கள். “அண்ணா, 1983-ல் அங்கே உண்மையில் என்ன நடந்தது? எங்களில் யார் சொல்வது சரி? நாங்களும் கீபோர்டு சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தச் சண்டை வந்துவிட்டது” என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பத்தின் மேல் விழுந்த கோபம் வேறு, அதில் இருக்கும் குறை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் நாற்பது வருடமாக இந்தச் சண்டை தீரவில்லை. உங்கள் டிரம்மர் கோபத்தைப் பேசுகிறார். பாடுகிறவர் பாட்டைப் பேசுகிறார். குறை எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

என்ன மாறியது என்று பார்ப்போம். பேட் ரிலிஜன் லாஸ் ஏஞ்சலீஸின் புறநகர்ப் பகுதியில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்த குழு. பாடியவர் கிரெக் கிராஃபின், கிட்டார் பிரெட் குரேவிட்ஸ், பாஸ் கிட்டார் ஜே பென்ட்லி. பெரிய கம்பெனி எதையும் எதிர்பார்க்காமல் குரேவிட்ஸே எபிடாஃப் என்ற பெயரில் வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார். 1982 தொடக்கத்தில் முதல் ஆல்பம் ‘ஹவ் குட் ஹெல் பி எனி வர்ஸ்’ வந்தது. பதினான்கு பாட்டு, மொத்தம் அரை மணி நேரம். பாட்டுக்கு இரண்டு நிமிஷம்தான் சராசரி. அடுத்த வருடம் நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் எட்டே பாட்டு, ஆனால் மொத்த நேரம் முதல் ஆல்பத்தைவிட அதிகம். அதில் ‘டைம் அண்ட் டிஸ்ரிகார்ட்’ என்ற ஒரு பாட்டு மட்டும் ஏழு நிமிஷம், பல பகுதிகளாகப் போகும். வேகம் வெகுவாகக் குறைந்தது. எங்கு பார்த்தாலும் சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு, பியானோ. அப்போது கிராஃபினுக்கு வயது 19.

இப்போது கேட்டால் இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்று தோன்றும். கீபோர்டு இல்லாத பாட்டே நம் காதுக்குப் பழக்கமில்லை. ஆனால் பங்க் எதை எதிர்த்துப் பிறந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1970-களின் நடுவில் ராக் இசையில் பெரிய கை யாருடையது? யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பால்மர், பிங்க் ஃபிளாய்டு போன்ற குழுக்களுடையது. ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே நிறைக்கும். மேடையில் கீபோர்டு வாசிப்பவரைச் சுற்றிக் கோட்டை மாதிரி கருவிகள் நிற்கும். அதை வாசிக்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும், வாங்கப் பெரும் பணம் வேண்டும். வேலையில்லாத வீட்டுப் பையனுக்கு அதில் இடமே கிடையாது. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன் பிங்க் ஃபிளாய்டு பனியனில் ‘நான் வெறுக்கிறேன்’ என்று எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தது பங்க் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் விஷயம். கிட்டாரில் மூன்று கார்டு (சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மட்டமான கிட்டார் போதும், இன்றைக்கே மேடை ஏறு என்பதுதான் பங்க் கொடுத்த உரிமை. கீபோர்டு அந்த உரிமையைப் பறித்து வைத்திருந்தவர்களின் அடையாளம்.

1983-ல் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரேடியோவிலும் எம்டிவி என்ற பாட்டுச் சேனலிலும் சின்தசைசர் பாப் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆக அந்தக் கருவிக்குள் பழைய எதிரியும் இருந்தான், புதிய எதிரியும் இருந்தான். மறுபக்கம் பங்கின் முரட்டு வகையான அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் நாளுக்கு நாள் வேகம் கூடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வேகமாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பையன்களின் கோபத்தை நான் மட்டம் தட்ட மாட்டேன். லாஸ் ஏஞ்சலீஸில் அந்த வருடங்களில் பங்க் கச்சேரி என்றால் போலீஸ் தடியோடு வந்து கலைப்பது வழக்கமாக இருந்தது. தலைமுடியைப் பார்த்தே பள்ளிக்கூடத்தில் அடி விழும். ஒரு சின்னக் கூட்டம், அதற்கென்று ஒரு இசை, அது தாண்டி அவர்களுக்கு எந்த நிழலும் இல்லை. ஒரு குழுவின் முதல் ஆல்பத்தை அப்படிப்பட்ட பையன் வாங்கும்போது பாட்டை மட்டும் வாங்குவதில்லை. ‘நீ தனியாள் இல்லை’ என்ற உறுதியையும் சேர்த்து வாங்குகிறான். அந்தக் குழுவே இரண்டு வருடத்துக்குள் எதிராளியின் கருவியோடு வந்து நின்றால் அவனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

நம் பக்கத்திலேயே இதைப் புரிந்துகொள்ள ஒரு கருவி இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது மிருதங்கம், முகவீணையோடு ஹார்மோனியமும் உட்கார்ந்திருக்கும். விடியவிடிய அந்தப் பெட்டிதான் சுருதி பிடித்துக் கொடுக்கும். அது ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி என்று ஊரில் யாரும் நினைப்பதுகூட இல்லை. ஆனால் அதே ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் தடை செய்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கும் மேல்! சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்கு ஒத்துவராது என்று இசைக் காரணமும் சொன்னார்கள், நம்முடையது அல்ல என்ற காரணமும் சொன்னார்கள். இரண்டு காரணமும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. கூத்து மேடையில் வீட்டுப்பிள்ளையாக இருந்த ஒரு பெட்டி, ரேடியோ நிலையத்தின் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஒரு கருவி எழுப்பும் ஓசையைவிட அது யார் கையில் இருந்து வந்தது என்பதுதான் சில காலங்களில் பெரிதாகக் காதில் விழும். லாஸ் ஏஞ்சலீஸிலும் அதுதான் நடந்தது.

உங்கள் பாடகருக்கு ஏன் அந்த வலி தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழில் ஆல்பம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டுத் தொகுப்புதான். ஒரே இசையமைப்பாளர் ஒரு படத்துக்குக் கிராமத்து மெட்டு போடுவார், அடுத்த படத்துக்கு ஜாஸ் போடுவார். கதை மாறுகிறது, பாட்டும் மாறுகிறது என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். அதைத் துரோகம் என்று யாரும் சொன்னதில்லை. பங்க் குழுவில் கதை கிடையாது, பாத்திரம் கிடையாது. அந்த நான்கு பேர் தங்கள் சொந்தக் கோபத்தைச் சொந்தக் குரலில் பாடுகிறார்கள். அதனால் இசை மாறினால் ஆள் மாறிவிட்டான் என்றே ரசிகன் எடுத்துக்கொள்கிறான். அப்புறம் இன்னொன்று: நீங்கள் இரண்டு ஆல்பத்தையும் ஒரே வாரத்தில் போனில் கேட்டிருப்பீர்கள். அன்றைய ரசிகன் முதல் தட்டை ஏறக்குறைய இரண்டு வருடம் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுவிட்டு, அதே மாதிரி அடுத்தது வரும் என்று காத்திருந்து, காசு கொடுத்து வாங்கி ஊசியை வைத்தான்.

சரி, கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட்டைக் கேட்போம்.

மெட்டுகள் நன்றாக இருக்கின்றன. இதை நான் தயங்காமல் சொல்வேன். ‘பில்லி நோசிஸ்’ பாட்டின் மெட்டு ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும். கிராஃபினின் குரல் முதல் ஆல்பத்தில் கத்தலுக்குள் மறைந்து கிடந்தது. இங்கேதான் அது முதன்முறையாக நிமிர்ந்து பாடுகிறது. பின்னால் பேட் ரிலிஜனை உலகம் அடையாளம் கண்டுகொண்ட அந்த நீண்ட, உருக்கமான மெட்டுகளின் முளை இதில் இருக்கிறது. முதல் பாட்டின் பெயர் பாதி வாக்கியமாக நிற்கிறது, கடைசிப் பாட்டின் பெயர் அதை முடித்துவைக்கிறது: நீ முயற்சியைக் கைவிட்டால்தான் எல்லாம் முடிந்துபோகும் என்று பொருள் வரும். இருபது வயதை ஒட்டிய பையன்கள் முழு ஆல்பத்தையும் ஒரே பொருளாக யோசித்திருக்கிறார்கள். இதை விற்பனைக்காகச் செய்தார்கள் என்று சொல்வது அநியாயம். சொந்த நிறுவனம், சொந்தப் பணம், தங்கள் ரசிகர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்த இசை. காசு பார்க்க நினைக்கிறவன் முதல் ஆல்பத்தையே இன்னொரு தடவை போட்டிருப்பான்.

குறை எங்கே என்றால், அடியில். தாளத்தில். முதல் ஆல்பத்தில் வாசித்த டிரம்மர் பீட் ஃபைன்ஸ்டோன் இந்த ஆல்பத்தில் இல்லை. ஜே பென்ட்லி பதிவு வேலை தொடங்கிய கட்டத்திலேயே இது தன் இசை இல்லை என்று வெளியேறிவிட்டார். புதிதாக இருவர் வந்து வாசித்தார்கள். அவர்கள் கெட்ட வாசிப்பாளர்கள் இல்லை. ஆனால் கூடவே வளர்ந்தவர்கள் இல்லை. மெதுவான பாட்டுக்கு வேகமான பாட்டைவிட டிரம்ஸும் பாஸும் அதிகம் ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஒளிந்துகொள்ள அங்கே இடம் கிடையாது. இந்த ஆல்பத்தில் பல இடங்களில் டிரம்ஸ் ஒரு பக்கம் கணக்காக எண்ணிக்கொண்டு போகிறது, கீபோர்டு அதன் மேல் பூசிய சாயம் மாதிரி தனியாகத் தெரிகிறது. பாட்டுக்குள்ளிருந்து எழுந்த மாதிரி இல்லை. ‘டைம் அண்ட் டிஸ்ரிகார்ட்’டில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாண்டும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். யோசனை பெரிது, தாண்டும் கால்தான் தடுமாறுகிறது.

இதனால்தான் ‘இது பங்க் இல்லை’ என்ற குற்றச்சாட்டு எனக்கு முக்கியமாகப் படவில்லை. இது நான்கு பேர் சேர்ந்து மாறிய ஆல்பம் இல்லை. இரண்டு பேர் மாறினார்கள், ஒருவர் கிளம்பிப் போனார், வந்தவர்களுக்கு எங்கிருந்து மாறுகிறோம் என்பதே தெரியாது. கேட்கும் காதுக்கு அந்த விரிசல் தெரிகிறது. ரசிகனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, கண்ணில் பட்ட கீபோர்டின் மேல் பழியைப் போட்டுவிட்டான்.

இதே ஊரில் இதே சமயத்தில் நடந்த இன்னொரு சண்டையையும் நீங்கள் பார்க்க வேண்டும். பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் ஆல்பம் ‘டேமேஜ்டு’ 1981-ல் வந்தது. அப்புறம் ஒரு வெளியீட்டு நிறுவனத்தோடு வழக்கு. அதனால் நெடுநாள் புது ஆல்பம் போட முடியாமல் கிடந்தார்கள். 1984-ல் இரண்டாவது ஆல்பம் ‘மை வார்’ வந்தபோது அதன் முதல் பக்கம் ஓரளவு எதிர்பார்த்த மாதிரி இருந்தது. இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் போட்டால் மூன்றே பாட்டு. ஒவ்வொன்றும் ஆறு நிமிஷத்துக்கு மேல், சேற்றில் கால் இழுத்து நடக்கிற வேகத்தில். ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத் வாடை அடிக்கிறது என்று பங்க் பத்திரிகைகள் திட்டின. கச்சேரிகளில் அந்தப் பாட்டுகளை எடுத்தால் முன்வரிசையே எரிச்சலானது. ஆனால் அந்த இரண்டாவது பக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தார்கள். மெல்வின்ஸ் குழு அந்த மெதுவையே தன் பாதையாக எடுத்துக்கொண்டது. நிர்வாணா ராக் குழுவின் கர்ட் கோபெய்ன் தனக்குப் பிடித்த ஐம்பது ஆல்பங்களை எழுதிவைத்த பட்டியலில் ‘மை வார்’ இருக்கிறது.

அங்கேயும் ஆட்கள் மாறித்தான் இருந்தார்கள். பாஸ் வாசிக்க ஆள் இல்லாமல் கிட்டார் வாசித்த கிரெக் கின்னே வேறு பெயரில் பாஸும் வாசித்தார். அப்படியிருந்தும் அது ஏன் நிற்கிறது? அந்த மெதுவுக்கு அவர்களிடமே வேர் இருந்தது. ‘டேமேஜ்டு’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அதிலேயே அந்த இழுவை ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடம் கழித்து அதை முழுப் பக்கமாக விரித்தார்கள். பாடகர் ஹென்றி ராலின்ஸ் அந்த மெதுவுக்குள் முழு உடம்போடு இறங்கியிருக்கிறார். பிடிக்காதவனுக்குக்கூட அது அரைமனதாகச் செய்தது என்று சொல்ல வாய் வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் தி டேம்ன்ட் குழு 1977 தொடக்கத்தில் முதல் ஆல்பம் போட்டது, அதே வருடக் கடைசியில் இரண்டாவதும் போட்டது. அதைத் தயாரிக்க பிங்க் ஃபிளாய்டை விட்டு விலகிய சிட் பாரெட்டைத் தேடினார்கள். கிடைத்தது அதே பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன். பங்க் சூடாக இருந்த வருடத்திலேயே எதிர்முகாமின் ஆளைக் கூப்பிட்டு வந்தால் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள்? ஆல்பம் விற்கவில்லை, குழு சில மாதங்களில் கலைந்தது, பிறகு சேர்ந்து வந்து ‘மெஷின் கன் எட்டிகெட்’ என்ற அருமையான ஆல்பத்தை 1979-ல் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் டி.எஸ்.ஓ.எல். குழுவும் 1982-ல் இரண்டாவது ஆல்பத்தில் கீபோர்டு வாசிப்பவரைச் சேர்த்தது. ரசிகர்கள் அங்கேயும் பிரிந்தார்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் கீபோர்டு குழுவுக்குள் கரைந்திருக்கும். பேட் ரிலிஜனோடு வைத்துக் கேட்டுப் பாருங்கள், நான் மேலே சொன்ன சாயம் விஷயம் சட்டென்று புரியும்.

லண்டனின் வயர் குழுவைத்தான் நான் எப்போதும் உயரத்தில் வைப்பேன். 1977-ல் ‘பிங்க் ஃபிளாக்’, இருபத்தொரு பாட்டு, முப்பத்தைந்து நிமிஷம். 1978-ல் ‘சேர்ஸ் மிஸ்ஸிங்’, சின்தசைசரோடு, நீண்ட பாட்டுகளோடு. அப்போதும் முணுமுணுத்தார்கள். ஆனால் அதே நான்கு பேர், அதே தயாரிப்பாளர் மைக் தோர்ன். சின்தசைசர் வாசித்ததும் அவர்தான். ஐந்து பேரும் ஒரே திசையில் நகர்ந்ததைக் காது உணர்கிறது.

பேட் ரிலிஜனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். சுமார் 10,000 பிரதி அச்சடித்தார்கள். விற்பனையில் பெரும் தோல்வி. குழு ஏறக்குறைய கலைந்தே போனது. குரேவிட்ஸ் போதைப் பழக்கத்தில் சிக்கினார். 1985-ல் சர்க்கிள் ஜெர்க்ஸ் குழுவின் கிரெக் ஹெட்சனை கிட்டாருக்கு வைத்துக்கொண்டு கிராஃபின் ‘பேக் டு தி நோன்’ என்ற சிறு தொகுப்பு கொண்டுவந்தார், பழைய வேகத்தோடு. குரேவிட்ஸ், பென்ட்லி, ஃபைன்ஸ்டோன் எல்லோரும் திரும்பி வந்தார்கள். 1988-ல் ‘சஃபர்’ வந்தது. பதினைந்து பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்த பத்து வருட அமெரிக்க பங்க் எப்படி ஒலிக்கும் என்பதைத் தீர்மானித்த ஆல்பம் அது. இரண்டாவது ஆல்பத்தையோ குழுவே மறைத்துவைத்தது. 2010-ல் முப்பதாவது ஆண்டுக்காகப் போட்ட பெட்டித் தொகுப்பில்தான் அது மறுபடி அதிகாரபூர்வமாக வெளிவந்தது.

நடுவில் அது கிடைக்காமல் இருந்ததே அதற்குப் பாதி புகழைக் கொடுத்தது. பழைய தட்டைத் தேடி அதிக விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு, அது நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வராது. உங்கள் பாடகர் அந்த வகை இல்லை, அவர் பாட்டைக் கேட்டுத்தான் பேசுகிறார் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. ‘சஃபர்’ கேட்டுவிட்டு மறுபடி இதைக் கேட்கச் சொல்லுங்கள். கிராஃபின் அந்த மெட்டறிவை வீணாக்கவில்லை என்பது விளங்கும். இங்கே நான்கு நிமிஷத்துக்கு இழுத்ததை அங்கே இரண்டு நிமிஷத்துக்குள் அடக்கி, வேகத்தின் மேல் ஏற்றிவிட்டார். உங்கள் டிரம்மரை ‘இன்டு தி அன்நோன்’ கேட்கும்போது கீபோர்டை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு, துரோகம் என்பதைவிட நல்ல காரணம் கிடைக்கும்.

உங்கள் குழு கீபோர்டு சேர்ப்பது பற்றி: சேருங்கள். தர்மபுரியில் கீபோர்டு யாருக்கும் எதிரி இல்லை. திருவிழா ஆர்கெஸ்ட்ராவிலிருந்து கல்யாண ரிசப்ஷன் வரை அது இல்லாமல் நடக்காது. ஆகவே அதைச் சேர்ப்பதில் கலகம் எதுவும் இல்லை, அதனால் துரோகமும் இல்லை. அந்த லாஸ் ஏஞ்சலீஸ் சண்டையை இங்கே கடன் வாங்கி உங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டாம். ஏற்கனவே வைத்திருக்கும் பாட்டு ஒன்றை எடுத்து, வேகத்தைக் குறைத்து, முதலில் டிரம்ஸும் பாஸும் மட்டும் வாசித்துப் பாருங்கள். அவை இரண்டும் மட்டுமே பாட்டை நிறுத்திப் பிடித்தால் கீபோர்டை மேலே கொண்டுவாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே வாசியுங்கள். டிரம்மர் சரி என்று சொல்லும் வரை ரெக்கார்டிங் நாள் குறிக்காதீர்கள்.

கீபோர்டை உடனே வாங்கிவிடவும் வேண்டாம். திருவிழாக் காலம் முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர்களிடம் கருவிகள் சும்மாதான் இருக்கும். பழக்கமானவர்கள் யாராவது இருந்தால் நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், கூடவே அதை வாசிப்பவரையும் ஒருநாள் குடோனுக்கு அழையுங்கள். பாடுகிறவரின் குரலுக்கு எந்த ஒலி பொருந்தும் என்று உங்கள் நான்கு பேரையும்விட அவருக்குச் சீக்கிரம் தெரியும்.